இடது ஓரம்

“நான் சொல்றது இன்னான்னா, அந்த ஓரத்த மட்டும்—”

“ஓரத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காதே—”

“—வெட்டாதீங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் வெச்சிருங்க, அப்பால இன்னா வேணா—”

“—ஃப்ரேம்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? காம்போசிஷன்? நைலான் புடவையைக் கட்டிக்கினு காட்டு சனத்து நடுவுல வந்து நின்னு, என் படத்தையே கெடுத்து வெச்சிட்டு—”

“நானா போயி நின்னேன்? அந்தம்மா கூப்ட்டாங்க. விருந்தாளிக்குன்னு எடம் குடுத்தாங்க.”

“எடமா அது? பல்லு போன வாய் மாதிரி ஒரு ஓட்டை!”

“ஓட்டைன்னு சொல்லாதீங்க!” சம்பூர்ணத்தின் குரல் உடைந்தது. “செத்தவங்களுக்கு உட்ட எடம் அது.”

ஆலங்காயம் கடைத்தெருவில், முன்பக்கம் ஸ்டுடியோவும் பின்பக்கம் வீடுமாக இருந்த அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து மழை ஒழுகிக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அருணகிரி. அந்தப் பக்கம், இடது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி. நடுவில் மலைத் திருவிழாவில் எடுத்த படம். அதன் மேல் ‘எல்’ எழுத்து போல வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள். எதிரெதிராக வைத்து அவற்றை நகர்த்தினால் படத்தில் எது இருக்க வேண்டும், எது தொலைய வேண்டும் என்று தெரிந்துவிடும். அருணகிரிக்கு அந்த அட்டைகளைப் பிடிக்கும். உலகத்தில் வேண்டாதவை அதிகம் என்பது அவன் எண்ணம்.

போன வருஷம் சென்னைப் போட்டியில் அவன் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ‘ஓரங்களில் கட்டுப்பாடு இல்லை’ என்று யாரோ ஒரு பெரிய மனிதர் பென்சிலால் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி வருஷம் முழுக்க அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த வருஷம் பரிசு தனக்குத்தான் என்று டீக்கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை சொல்லி வைத்துவிட்டான். படம் இன்று போயாக வேண்டும். வாணியம்பாடி ஷஃபியுல்லா பாய், தோல் வியாபாரி, ராத்திரி ரயிலில் சென்னை போகிறார். அதற்கு முன் தோல் வாங்க ஆலங்காயம் வரும்போது படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

போட்டிக்கு அவர்கள் கேட்டது இயல்பான படங்கள். யாரும் கேமராவைப் பார்த்துப் பல்லிளிக்கக் கூடாது. அதற்காகத்தான் அவன் ஜவ்வாது மலைக்கே போனான். மற்றபடி அந்த சனங்களிடம் அவனுக்கு என்ன வேலை? வயிற்றுக்கு நேராகத் தொங்குகிற இரட்டைக் கண் கேமரா அவனுடையது. குனிந்து பார்ப்பவன் படமெடுக்கிறான் என்று மலைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. சாமை அறுப்பு முடிந்த திருவிழா. வெயில் இருக்கும்போதே பறையடித்து, கைகோத்து, வட்டமாக ஆடினார்கள். அவர்கள் பாட்டுக்கு ஆட, இவன் பாட்டுக்குத் திருடினான்.

வட்டத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு ஒரு பக்கம் சடையன் என்ற கிழவன், வெறுங்காற்றில் கையை நீட்டியபடி ஆடினான். மறுபக்கம் யாரும் நீட்டலாம். விருந்தாளி வந்தால் அவர்களுக்குத்தான் அந்த மரியாதை. பச்சையம்மா என்ற மலைப் பெண் சம்பூர்ணத்தைக் கூட்டிப்போய் அந்த மறுபக்கத்தில் நிறுத்தினாள்.

“இந்தக் கைய இப்பிடி நீட்டிக்கோ கண்ணு. செத்தவங்க வந்து புடிச்சிக்குவாங்க. விடிஞ்சதும் நீயும் சடையனும் ஒண்ணா உடணும், அவங்க போய்டுவாங்க. அதுக்கு முன்ன வட்டத்த உட்டுப் போயிடாத. கூடவே வந்துடுவாங்க. புடிச்சிக்க ஒரு கை வேணும் அவங்களுக்கு.”

அருணகிரி இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கேட்டுவிட்டு, பாதி ஆட்டத்தில் உள்ளே போய்ப் பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தான். “வா இப்பிடி. ஃப்ரேமைக் கெடுத்துக்கினு.” பறை நின்றுபோனது. யாரும் அவனைத் திட்டவில்லை. அத்தனை பேரும் பார்த்தது சம்பூர்ணத்தின் இடது கையை.

அன்றிலிருந்து அந்தக் கை விரியவில்லை. எதையோ பற்றியிருப்பது போல, விரல்கள் பாதி மடங்கி, ஐஸாகக் கிடந்தது. வைத்தியர் வாயு என்றார். ஒற்றைக் கையால் மாவு பிசைந்தாள், ஒற்றைக் கையால் தலை முடிந்தாள். வெள்ளிக்கிழமை மலைக்குப் போய் சடையனோடு நின்று, ஒன்றாகக் கையை விட வேண்டும் என்பது அவள் ஆசை.

“பஸ் ஏறி, மலை ஏறி, காத்துல கைய உடறதுக்குப் போறியா? காட்டுக்காரி ஒருத்தி சொன்னான்னு?”

“அதுவரைக்கும் படத்துலயாவது நான் அந்த எடத்துல நிக்கிறேன் இல்லீங்களா? அதையும் வெட்டிட்டா அவங்க எங்க போவாங்க? யாரப் புடிச்சிக்குவாங்க?”

அருணகிரி சிரித்தான். படித்த மனுஷன் சிரிக்கிற சிரிப்பு என்று தானே நினைத்துக்கொண்டு சிரித்தான். உறையிலிருந்து நெகட்டிவ்வை உருவி, அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கத்தரியால் நேர்க்கோடாக வெட்டினான். அவளும் அந்த இடைவெளியும் சேர்ந்த துண்டு தரையில் விழுந்தது. எந்தத் தொழில்காரனும் செய்ய மாட்டாத வேலை. பிரிண்ட்டைத்தான் வெட்டுவார்கள், நெகட்டிவ்வை வெட்டினால் வெட்டியதுதான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வெட்டினான்.

“இப்ப பேசு. இனிமே பேசு!”

அவள் புடவைத் தலைப்பை மெதுவாகப் பிரித்தாள். இடது கை விரிந்திருந்தது. உள்ளங்கையில், அழுத்திப் பிடித்து எடுத்தது போல நாலு விரல் தடம்.

“பாத்தியா? வாயுவுக்கு மருந்து கத்தரிதான். நாளைக்கே போர்டு மாட்டிடறேன்.”

“உட்டுட்டாங்க…” என்றாள் சம்பூர்ணம். கையைப் பார்க்கவில்லை, நெகட்டிவ்வைப் பார்த்தாள். “இப்ப யாரப் புடிச்சிக்கினாங்களோ?”

*

இருட்டறை, ஒரு காலத்தில் புளி மூட்டை அடுக்கி வைத்த அறை. ஜன்னலை அடைத்து, கதவு இடுக்குகளில் கறுப்புத் துணியைத் திணித்து, உள்ளே தாழ்ப்பாள் வைத்திருந்தான். பகலிலும் அங்கே இரவுதான். பழம்புளியின் நெடியும் படம் கழுவும் ஹைப்போவின் காட்டமும் கலந்து, நாக்கில் இரும்பை வைத்தது போல் ஒரு சுவை எப்போதும் இருக்கும். சிவப்பு பல்பு எரிந்தது. ஓட்டின் மேல் மழை, யாரோ தானியம் புடைப்பது போல, ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவ்வை வைத்து, வெளிச்சம் காட்டி, தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினான். வெள்ளைத் தாளில் முதலில் கறுப்புக் கூந்தல்கள் வந்தன, பிறகு கம்பளிகள், பிறகு பற்கள். வட்டத்தின் ஒரு பகுதி. இடது ஓரத்தில் சடையன் கிழவன், அவனை அடுத்து ஒரு தடித்த பெண், அடுத்து ஒரு வாலிபன், கடைசியில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு சின்னப் பெண். அந்தச் சிரிப்புதான் பரிசு. ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.

கிழவனின் நீட்டிய கை படத்தின் ஓரம் வரை வந்து நின்றது. அதன் உள்ளங்கையில் ஏதோ கறை. அருணகிரி குனிந்தான்.

விரல்கள்.

ஓரத்துக்கு வெளியேயிருந்து உள்ளே வந்து, கிழவனின் கையைப் பற்றியிருந்தன. சம்பூர்ணத்தின் விரல்தான் மிச்சம் நிற்கிறது என்று முதலில் நினைத்தான். வெட்டியது சரியாக விழவில்லை, கத்தரி மொண்ணை, எல்லாம் இவளால் வந்தது. ஆனால் அவள் நின்றது தள்ளி. நடுவில் ஓர் ஆள் இடம் வெறுமையாக இருந்ததே? அதைக் கேலி செய்ததே அவன்தானே?

வெளியே ஷஃபியுல்லா பாயின் குரல் கேட்டது. ஈரப் பிரிண்ட்டோடு போனான்.

“இன்னா அருணகிரி, ரெடியா? ரயிலு காத்துக்கினு நிக்காதுப்பா.” பாய் குடையை மடக்கி, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “மாஷா அல்லாஹ், ஷோக்கா கீது. அந்தப் பொண்ணு சிரிப்பு ஒண்ணு போதும்.” பிறகு புருவத்தைச் சுருக்கினார். “ஆமா, பெரியவரு கையப் புடிச்சிக்கினு கீறது யாரு? பொம்பள கையாட்டம் கீது. ஆள வெட்டிட்டு கைய மட்டும் உட்டு வெச்சிருக்கியே?”

அருணகிரிக்கு முதுகில் ஈரம் ஓடியது. மழை நீர் என்று வைத்துக்கொண்டான்.

“அது மருந்துக் கறை பாய். உங்களுக்குத் தோலைத் தவிர வேற இன்னா தெரியும்?”

“தோலப் பாத்தா உசுரோட உரிச்சதா, செத்தப்புறம் உரிச்சதான்னு சொல்லுவேன்பா,” என்றார் பாய், கோபமே இல்லாமல். “இந்தக் கை உசுரோட இல்ல. போய் சரி பண்ணு. இருட்றதுக்குள்ள வர்றேன்.” குடையை விரித்து எதிரே டீக்கடைக்குப் போனார்.

தோல் வியாபாரிகூடத் தன் ஓரத்தைக் குறை சொல்கிறான். அந்த எரிச்சலில் அருணகிரிக்குத் தைரியம் வந்தது. கறுப்பு மையைத் தொட்டு அந்த விரல்களின் மேல் பூசினான். மை நின்றது, பிறகு உருண்டு, நழுவி, படத்தின் ஓரத்தில் வடிந்தது. விரல்கள் கழுவி வைத்தது போல வெளுப்பாகத் தெரிந்தன.

“ஏங்க,” என்றாள் சம்பூர்ணம், சமையல்கட்டு நிலையிலிருந்து. “அந்தத் தாத்தாவ வெட்டாதீங்க. அவர்தான் உடத் தெரிஞ்சவரு. ரெண்டு பக்கத்துல ஒரு பக்கமாவது இருக்கட்டும்.”

“கிழவன் இல்லாட்டியும் படம் நிக்கும்.”

“பாவங்க அவரு.”

“பாவமா? மூஞ்சைப் பாரு, வெந்த கெழங்கு மாதிரி!”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

*

‘எல்’ அட்டைகளை நகர்த்தினான். கிழவன் போனான். தடித்த பெண்ணிலிருந்து படம் ஆரம்பித்தது. வெளிச்சம், தாள், மருந்து. தட்டை ஆட்டினான். மழையின் சத்தம் மேலே அப்படியே இருந்தது. ஆனால் அதற்கடியில், புளி மூட்டை கிடந்த மூலையில், பாதத்தை மண்ணில் தேய்த்து ஆடுகிறவர்களின் சத்தம் போல ஒன்று. எலி என்று சொல்லிக்கொண்டான். எலிக்கு இத்தனை சீரான தாளம் ஏது என்று மனசு கேட்டது. மனசைத் திட்டினான்.

படம் வந்தது.

தடித்த பெண்ணின் மணிக்கட்டை ஒரு கை பற்றியிருந்தது. இந்த முறை விரல் மட்டும் இல்லை. புறங்கை, மணிக்கட்டு, அதில் ஒரு பித்தளைக் காப்பு. காப்பின் மேல் மண். தோண்டி எடுத்த மண்ணைப் போல, ஈரமாக.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். எடுக்கும்போது அவள் பக்கத்து வாலிபனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருணகிரிக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது கேமராவைப் பார்த்தாள்.

“மூதேவி,” என்றான் அருணகிரி. குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்தது. “படத்தையே கெடுத்துட்டியே!”

அவளையும் வெட்டினான்.

அடுத்த படத்தில் வாலிபன். அவன் தோளில் கை. காப்புக்கு மேலே முன்கை, வற்றி, கட்டைபோல. வாலிபன் இவனைப் பார்த்தான். பறையடிப்பவர்கள் பின்னால் மங்கலாக நின்றார்கள். அவர்களும் குச்சியைத் தாழ்த்திவிட்டு இவனைப் பார்த்தார்கள். படம் சிறுக்கச் சிறுக்க அந்தக் கை உள்ளே உள்ளே வந்துகொண்டிருந்தது. அருணகிரிக்கு அது அப்போது புரிந்தது. ஒவ்வோர் ஆளாக அவன்தான் எடுத்துவிடுகிறான். பிடித்துக்கொண்டிருந்த கையை அவன்தான் பிடுங்கிவிடுகிறான். அது அடுத்த கைக்கு வருகிறது.

நிறுத்திவிடலாம். கதவைத் திறந்து, பாயிடம் படம் இல்லை என்று சொல்லிவிடலாம். டீக்கடைக்காரன் சிரிப்பான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, ‘இந்த வருஷமும் ஓரத்துல கட்டுப்பாடு இல்லையா சார்?’ என்பான். அருணகிரி அதை நினைத்துப் பார்த்தான். நெஞ்சில் பயம் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு பயத்தைவிடக் கனமாக இருந்தது.

வாலிபனை வெட்டினான்.

சிரிக்கிற பெண்ணின் முகம் மட்டும். தாள் முழுக்க முகம். இதற்கு இடது ஓரமே கிடையாது. கன்னம் வந்து ஓரத்தில் முட்டுகிறது. ஒரு விரல்கூட நுழைய முடியாது. தாளைத் தட்டில் போட்டான். மூலையில் பாதச் சத்தம் நின்றது.

மழையும் நின்றது.

மருந்து தட்டின் விளிம்பில் மோதும் சத்தம் மட்டும்.

நெற்றி வந்தது. மூக்குத்தி வந்தது. சிரிப்பு வரவில்லை. உதடுகள் ஒட்டியிருந்தன. கண்கள் இறுக மூடியிருந்தன, அடி வாங்கப் போகிற பிள்ளையைப் போல. கன்னத்துக்குக் குறுக்கே, முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, முழங்கை வரை அந்தக் கை. அது அவளைப் பிடிக்கவில்லை. அவளிடம் பிடிக்க எதுவுமில்லை. அவள் கைகளை அவன் வெட்டிவிட்டான். உள்ளங்கை வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. தாளிலிருந்து மேல்நோக்கி. படமெடுத்தவன் நின்ற திசையில்.

படத்தில் ஆள் தீர்ந்துவிட்டது.

பல்பு அணைந்தது.

மழைக்குக் கரண்டு போவது ஆலங்காயத்தில் வழக்கம். வழக்கம்தான். அருணகிரி மூச்சை அடக்கி நின்றான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஹைப்போ நெடி. புளி நெடி. அதற்கு மேல் ஈர மண்ணின் வாசனை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? மேசை விளிம்பைத் தடவினான். தட்டு. இன்னொரு தட்டு. சுவர் வரவில்லை. நாலடி அறையில் சுவர் வரவில்லை.

“சம்பூர்ணம்!”

இன்னோர் அடி எடுத்து வைத்தான்.

“சம்பூர்ணம்! வெளக்கு எடுத்தா!”

கை நீட்டினான். வெறுங்காற்றில். யாராவது பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று நீட்டினான்.

பிடித்துக்கொண்டார்கள்.

சில்லென்ற கை. ஈரக் கை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத் திட்டினான்.

“எத்தினி தடவ கூப்பிடறது? செவிடா நீ? புடி, நல்லா புடி. கதவு எங்க இருக்குதுன்னு தெரியல. இட்டுக்கினு போ என்னை.” கை இறுக்கிப் பிடித்தது. “வெள்ளிக்கிழம போவலாம்டி. ரெண்டு பேருமே போவலாம். அந்தக் கெழவன்கிட்ட… அவர்கிட்ட கேட்டு, எப்பிடி உடணுமோ அப்பிடி உட்டுடலாம். இன்னா, சரியா? இன்னாத்துக்குப் பேசாம நிக்கிற? வாயத் தொறந்து சொல்லேன்!”

கதவின் கீழ் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. அரிக்கேன் விளக்கு. வெளியே. துணி நெகிழ்ந்த இடைவெளி வழியாக ஒரு கீற்று உள்ளே ஏறி, மேசைக் காலில் பட்டு, மேலே வந்தது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அவன் போட்டபடி.

கீற்று அவன் கையில் விழுந்தது. பிடித்திருந்த விரல்களில் விழுந்தது. பித்தளைக் காப்பில். மண்ணில். வற்றிய முன்கையில். முழங்கை வரை கை இருந்தது. அதற்கப்பால், கத்தரியால் வெட்டியது போல நேர்க்கோடு. நேர்க்கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

விரல்களை விரிக்கப் பார்த்தான். அவன் விரல்கள் விரியவில்லை.

கதவைத் தட்டினாள் சம்பூர்ணம்.

“ஏங்க, வெளக்கு கொண்டாந்துட்டேன், தாழ்ப்பாளத் தொறங்க. யாருகிட்ட பேசிக்கினு கீறீங்க உள்ள?”